பெரிய இருவழி எண் ஒன்றைக் கையாலேயே அலசுவது எப்படி?

12345678987654321.

இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஓர் எண்தான். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் மாறாத எண்ணை இருவழி ஒக்கும் எண் என்பார்கள். நாம் சுருக்கமாக இருவழி எண் என்றே சொல்வோம். 121, 7337, 90209 எல்லாம் அந்த வகை. நம் எண்ணுக்கு 17 இலக்கங்கள். நம்மூர் முறையில் காற்புள்ளி இட்டால் 12,34,56,78,98,76,54,321. அதாவது 1,23,45,67,898 கோடியே 76 லட்சத்து 54 ஆயிரத்து 321.

17 இலக்கத்தில் இப்படிப்பட்ட எண்கள் எத்தனை? முதல் 9 இலக்கங்களை நாம் தேர்ந்தெடுத்துவிட்டால் மீதி 8 இலக்கங்கள் தாமாகவே அமைந்துவிடும். முதல் இலக்கம் 0 ஆகக் கூடாது. ஆக 90 கோடி. 17 இலக்க எண்கள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால், 10 கோடிக்கு ஒன்றுதான் இருவழி எண். அந்த 90 கோடியிலும் நான் இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. பள்ளிக் கணக்கில் நாம் கற்றுப் பாதியில் விட்டுவிட்ட பல முறைகள், வகுபடும் தன்மைச் சோதனை, நீள் வர்க்கமூலம், பகாக் காரணிப்படுத்தல் ஆகிய எல்லாமே இந்த ஒரே எண்ணில் முழு வேலை செய்கின்றன. எட்டாம் வகுப்பு மாணவர் பாதி தூரம் வரலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர் கடைசி வரை வரலாம்.

தாளை இரண்டாகப் பிரியுங்கள்

வேலை தொடங்குமுன் தாளின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் ‘எழுத்து’, வலப்பக்கம் ‘எண்’ என்று தலைப்பிடுங்கள். இனிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பண்பையும் இந்த இரண்டில் ஒன்றில் எழுத வேண்டும்.

ஏன் இந்தப் பிரிவு? இருவழியாய் இருப்பது எண்ணின் குணமல்ல, அதைப் பத்தடிமானத்தில் எழுதியதால் வந்த குணம். 121ஐ எடுங்கள். இரண்டடிமானத்தில் அது 1111001, திருப்பினால் 1001111. இருவழித்தன்மை போய்விட்டது. ஆனால் 121 என்பது 11இன் வர்க்கம் என்பது எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாது. முன்னது இடப்பக்கம், பின்னது வலப்பக்கம். எண் விளையாட்டு நூல்கள் பலவும் இந்த இரண்டையும் கலந்துவிடுகின்றன. அதனால்தான் அவற்றைப் படித்து முடித்ததும் வியப்பு மட்டும் மிஞ்சுகிறது, கணக்கு மிஞ்சுவதில்லை. ஒரு பெரிய இருவழி எண்ணை அலசுவது என்றால், இடப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கத்துக்குப் போய்ச் சேர்வது. இந்த அத்தியாயம் கற்றுத்தர விரும்புவது அந்தப் பயணத்தை.

கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

கடைகளில் பயன்படுத்தும் 12 இலக்கக் கால்குலேட்டர் இந்த எண்ணைத் தாங்காது. கணினி தாங்கும் என்று நினைத்து எக்செல் தாளில் தட்டினால் அது முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி 2, 1 இரண்டையும் சுழியாக்கிவிடும். திரையில் நிற்பது 12345678987654300. ஜாவாஸ்கிரிப்டில் இட்டால் கடைசி 1 காணாமல் போய் 12345678987654320 ஆகும். அந்த மொழி சாதாரணமாகப் பயன்படுத்தும் எண் வடிவம் 2⁵³ வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிழையின்றி வைத்திருக்கும். 2⁵³ என்பது 9007199254740992. நம் எண் அதைத் தாண்டிவிட்டது. தாண்டிய அந்தப் பகுதியில் ஒற்றைப்படை எண்ணுக்கு இடமே இல்லை. பைத்தானில் இந்தச் சிக்கல் கிடையாது. முழு எண் எவ்வளவு நீளமானாலும் அப்படியே நிற்கும்.

எனவே எந்தக் கருவியில் கணக்கிட்டாலும் முதல் வேலை, எண்ணை உள்ளிட்டு அப்படியே திரும்ப அச்சிடச் சொல்லிக் கடைசி இலக்கத்தைப் பார்ப்பது. அது 1 இல்லையென்றால் அந்தக் கருவியை மூடிவையுங்கள். கீழே வரும் எதற்கும் கணினி தேவையில்லை.

மீதிச் சோதனைகள்

முதலில் 11. இருவழி எண் கையில் கிடைத்ததும் இலக்கங்களை எண்ணுங்கள். எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அது கட்டாயம் 11ஆல் வகுபடும். காரணம் எளிது. இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழிப்பதுதான் 11இன் சோதனை. இரட்டைப்படை நீளத்தில், முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் எதிரெதிர்க் குறி பெறும். இரண்டாவதும் கடைக்கு முந்தையதும் அப்படியே. எல்லாம் ஜோடி ஜோடியாக அடிபட்டுச் சுழியாகும். இதனால்தான் இரட்டைப்படை இலக்கமுள்ள இருவழி எண்களில் பகா எண் 11 ஒன்றே ஒன்று. நம் எண்ணுக்கு 17 இலக்கம், இந்தச் சலுகை இல்லை. ஒற்றை இடங்களின் கூடுதல் 1+3+5+7+9+7+5+3+1 = 41. இரட்டை இடங்களின் கூடுதல் 2+4+6+8+8+6+4+2 = 40. வித்தியாசம் 1. ஆக 11ஆல் வகுத்தால் மீதி 1.

அடுத்து இலக்கக் கூட்டல். 41+40 = 81. ஆகவே எண் 9ஆல் வகுபடும். இங்கே பலர் ஒரு படி கூடுதலாகத் தாவிவிடுவார்கள்: கூட்டல் 81, எனவே எண் 81ஆல் வகுபடும் என்பார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. 1899இன் இலக்கக் கூட்டல் 27. ஆனால் 1899ஐ 27ஆல் வகுத்தால் மீதி 9. இலக்கக் கூட்டல் 9 வரைதான் சாட்சி சொல்லும். 81க்கு வேறு சாட்சி தேவை. அது சற்றுப் பின்னால் வருகிறது.

7, 13 இரண்டுக்கும் மும்மூன்றாக வெட்டும் முறை. 7 × 11 × 13 = 1001 என்பதால் மூன்று இலக்கத் துண்டுகளை மாறி மாறிக் கூட்டிக் கழிக்கலாம். இதற்கு நம்மூர்க் காற்புள்ளி உதவாது. வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டும்: 12 | 345 | 678 | 987 | 654 | 321. வலமிருந்து 321 − 654 + 987 − 678 + 345 − 12 = 309. இதை 7ஆல் வகுத்தால் மீதி 1, 13ஆல் வகுத்தால் மீதி 10, 11ஆல் வகுத்தால் மீதி 1. கடைசியாக வந்தது முன்பு கிடைத்த விடையோடு ஒத்துப்போகிறது. பெரிய எண்களில் இப்படி ஒரே விடையை இரு வழிகளில் பெறுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அதே துண்டுகளைக் கழிக்காமல் வெறுமனே கூட்டினால் 999இன் சோதனை. 12 + 345 + 678 + 987 + 654 + 321 = 2997. இது 3 × 999. ஆக நம் எண் 999ஆல் மீதியின்றி வகுபடும். 999 = 27 × 37. முதன்முறையாக 37 தலைகாட்டுகிறது.

இப்போது ஒரு சந்தேகம் எழ வேண்டும். எந்த முழு வர்க்கத்தையும் 11ஆல் வகுத்தால் மீதி 0, 1, 3, 4, 5, 9 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். 7ஆல் வகுத்தால் 0, 1, 2, 4. 13ஆல் வகுத்தால் 0, 1, 3, 4, 9, 10, 12. நம் எண் கொடுத்த 1, 1, 10 மூன்றுமே இந்தப் பட்டியல்களுக்குள் அடங்குகின்றன. கடைசி இலக்கம் 1 என்பதும் வர்க்கத்துக்குப் பொருந்தும். இவை எதுவும் நிரூபணம் அல்ல. ஆனால் வர்க்கமூலம் எடுத்துப் பார்க்கும் உழைப்பு வீண்போகாது என்று சொல்ல இவ்வளவு போதும்.

நீள் வர்க்கமூலம்

பழைய பள்ளி முறையில், வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 1 | 23 | 45 | 67 | 89 | 87 | 65 | 43 | 21. ஒன்பது துண்டுகள், ஆகவே மூலத்துக்கு ஒன்பது இலக்கம்.

முதல் துண்டு 1. மூலத்தின் முதல் இலக்கம் 1, மீதி 0. அடுத்த துண்டை இறக்கினால் 23. இதுவரை வந்த மூலத்தை இரட்டித்து (2), பக்கத்தில் 1 வைத்தால் 21. 23இலிருந்து 21 போக மீதி 2. மூலம் 11 ஆயிற்று. 45ஐ இறக்கினால் 245, வகுத்தி 221, மீதி 24. பிறகு 2467இலிருந்து 2221 போக 246. 24689இலிருந்து 22221 போக 2468. மீதிகள் 2, 24, 246, 2468 என்று ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். எண்ணின் உச்சியான 9ஐத் தாண்டியதும் போக்கு மாறுகிறது. 246887இலிருந்து 222221 போக 24666. அடுத்து 2466665இலிருந்து 2222221 போக 244444. அடுத்து 24444443இலிருந்து 22222221 போக 2222222. கடைசித் துண்டான 21ஐ இறக்கினால் 222222221. வகுத்தியும் அதே 222222221. மீதி 0.

மூலம் 111111111. ஒன்பது முறையும் 1 தவிர வேறு இலக்கம் வரவில்லை. இதை ஒரு முறையாவது முழுசாகத் தாளில் செய்துபாருங்கள். விடையைப் படித்துத் தெரிந்துகொள்வதும் அந்த மீதிகள் கைக்கடியில் உருவாவதைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

வலப்பக்கப் பத்தியில் இப்போது எழுதலாம்: முழு வர்க்கம்.

ஏன் 9இல் நின்றது?

111111111ஐ அதனாலேயே பெருக்கும்போது, ஒன்பது வரிகளில் அதே எண் ஒவ்வொரு இடமாகத் தள்ளி எழுதப்படுகிறது. வலக்கோடி நிரலில் ஒரு 1, அடுத்ததில் இரண்டு, நடு நிரலில் ஒன்பது, பிறகு இறங்குமுகம். எந்த நிரலின் கூட்டலும் 9ஐத் தாண்டவில்லை, எனவே அடுத்த நிரலுக்குக் கடன் ஏறவில்லை. இருவழித்தன்மைக்கு முழுக் காரணம் இதுதான். பத்து ஒன்றுகளை எடுத்தால் நடு நிரல் 10 ஆகிக் கடன் ஏறுகிறது. வர்க்கம் 1234567900987654321 ஆகிறது. சமச்சீர் உடைந்துவிட்டது. ஒன்றுகளின் வர்க்க வரிசையான 1, 121, 12321, 1234321… என்பதில் கடைசி இருவழி உறுப்பு நம் எண்தான்.

கடன் ஏறாத பெருக்கலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. 10 அடிமானத்தில் மட்டுமல்ல, அதற்கு மேற்பட்ட எந்த அடிமானத்திலும் 111111111ஐ வர்க்கப்படுத்தினால் 12345678987654321 என்ற இதே எழுத்துதான் வரும். 16 அடிமானத்தில் இந்த எழுத்து குறிக்கும் எண் வேறு, மிகப் பெரியது. ஆனாலும் அதுவும் முழு வர்க்கம். இது இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால், இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் எழுதுங்கள் என்பேன்.

இந்த வரிசைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதியில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரர், ‘கணிதசாரசங்கிரகம்’ நூலில் 12345654321 என்ற எண்ணை, ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறிப் பின் வரிசையாக இறங்குவது என்று வருணிக்கிறார். மாலை போன்ற விடை தரும் பெருக்கல்களையும் அவர் தொகுத்திருக்கிறார். அவற்றில் ஒன்று 27994681 × 441. விடை அதே 12345654321. 20ஆம் நூற்றாண்டில், நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. காப்ரேகர் (1905–1986) இதே வரிசையை மறுபடி கையிலெடுத்தார். பம்பாய்ப் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றின் பெயரால் இவை டெம்லோ எண்கள் எனப்படுகின்றன. 6174 என்ற எண்ணால் உலகறிந்த அதே காப்ரேகர்தான். தன் இலக்கக் கூட்டலாலேயே வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டவரும் அவரே. நம் எண்ணும் ஹர்ஷத் எண்ணா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு 81ஆல் வகுபட வேண்டும்.

ஒரே வெட்டில் காரணிகள்

வலமிருந்து ஒன்பது இலக்கம் எண்ணி அங்கே ஒரே ஒரு வெட்டு போடுங்கள்: 12345678 | 987654321. இரண்டையும் கூட்டுங்கள். 999999999.

இந்த எண்ணில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 10⁹ஐ 999999999ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே நம் எண்ணிலிருந்து 12345678 மடங்கு 999999999ஐ எடுத்துவிட்டால் எஞ்சுவது அந்த இரு துண்டுகளின் கூடுதல், அதாவது இன்னொரு 999999999. மொத்தம் 12345679 மடங்கு.

12345678987654321 = 12345679 × 999999999

999999999ஐ 81ஆல் வகுத்தால் மீண்டும் 12345679. (1ஐ 81ஆல் வகுத்தால் 0.012345679012345679… என்று தசமம் வருவதும் 8 விடுபடுவதும் இதனால்தான்.) ஆகவே நம் எண் 81 × 12345679². ஹர்ஷத் எண் என்பது உறுதி. 81 = 9² என்பதால் முழு வர்க்கம் என்பதும் மறுபடி, வேறு பாதையில், உறுதியாகிறது.

இனி 111111111ஐ உடைக்க வேண்டும். மூன்று மூன்றாகப் பார்த்தால் அது 111 | 111 | 111, அதாவது 111 × 1001001. 111 = 3 × 37. 1001001இன் இலக்கக் கூட்டல் 3, ஆகவே 3 × 333667. கேள்வி இப்போது 333667இல் வந்து நிற்கிறது. அது பகா எண்ணா?

நேர்வழியில் போனால் 577 வரையுள்ள 106 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் வர்க்கமூலம் 578க்குச் சற்றுக் கீழே. ஆனால் எண்ணின் பிறப்பை அறிந்தவருக்குக் குறுக்குவழி உண்டு. 333667ஐ வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அது 999999999ஐயும் வகுக்கும். ஆகவே 10இன் ஒன்பதாம் அடுக்கு அதனிடம் மீதி 1 தரும். 10இன் மூன்றாம் அடுக்கோ 1 தராது. தந்தால் 1001001 அதனிடம் மீதி 3 தந்திருக்கும், வகுபட்டிருக்காது. (3 என்ற பகா எண் மட்டும் விதிவிலக்கு, 333667இன் இலக்கக் கூட்டல் 28 என்பதால் அது இங்கே வராது.) ஆக 10இன் அடுக்குகள் அந்தப் பகா எண்ணிடம் சரியாக ஒன்பதுக்கு ஒருமுறை சுழல்கின்றன. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 10ஐ உயர்த்தினாலும் மீதி 1தான். ஆகவே அந்தப் பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் 9ஆல் வகுபட வேண்டும். ஒற்றைப்படை என்பதால் 18ஆல் வகுபட வேண்டும். 577 வரை அப்படிப்பட்ட பகா எண்கள் 17 மட்டுமே: 19, 37, 73, 109, 127, 163, 181, 199, 271, 307, 379, 397, 433, 487, 523, 541, 577. இந்த 17 வகுத்தல்களையும் செய்யுங்கள். ஒன்றும் மீதியின்றிப் போகாது. 333667 பகா எண்.

12345678987654321 = 3⁴ × 37² × 333667²

இது வலப்பக்கத்தின் தலைவரி. எந்த அடிமானத்திலும் மாறாது.

45 காரணிகள்

அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 5 × 3 × 3 = 45. முழு வர்க்கங்களுக்கு மட்டுமே இது ஒற்றைப்படையாக வரும்.

45ஐயும் எழுதுவது அரை மணி நேர வேலை, தவிர்க்காதீர்கள். பதினைந்து பதினைந்தாக மூன்று பகுதிகளாய் எழுதுவது நல்லது: 333667 இல்லாதவை, ஒருமுறை உள்ளவை, இருமுறை உள்ளவை. எழுதிய பின், அவற்றில் எவை இருவழி எண்கள் என்று வட்டமிடுங்கள். முதல் பகுதியில் 1, 3, 9, 111, 333, 999, 12321, 36963. இரண்டாவதில் 1001001, 3003003, 9009009, 111111111, 333333333, 999999999, 12333333321, 36999999963. மூன்றாவதில் 1002003002001, 3006009006003, 111222333222111, 333666999666333, கடைசியாக நம் எண். மொத்தம் 21. காரணிகளில் ஏறக்குறைய பாதி இருவழி எண்கள்!

10 கோடிக்கு ஒன்று என்று பார்த்தோமே, அந்த அபூர்வப் பொருள் இங்கே ஏன் இப்படிக் குவிந்தது? இரண்டு இருவழி எண்களைக் கடன் ஏறாமல் பெருக்கினால் விடையும் இருவழியாகவே இருக்கும். 12321 × 1002003002001 போட்டுப் பாருங்கள். நம் எண் வரும். 111, 1001001 இரண்டும் இருவழி. அவற்றின் பெருக்கல்கள் கடன் ஏறும் வரை அந்தக் குணத்தை விடுவதில்லை. கடன் ஏறினால் 9018027018009 போல உடைந்துவிடும்.

இரு வர்க்கங்களின் கூடுதல்

ஒரு முழு வர்க்கத்தை வேறு இரு வர்க்கங்களாகப் பிரிக்க முடியுமா என்பது செங்கோண முக்கோணக் கேள்வி. 4ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகாக் காரணி ஒன்றாவது இருந்தால்தான் முடியும். 3க்கு மீதி 3. 333667க்கும் மீதி 3. 37க்கு மட்டும் மீதி 1. எனவே எல்லாம் 37இன் கையில். 12² + 35² = 37² என்பது தெரிந்ததே. 111111111 = 37 × 3003003. ஆக மூன்று பக்கங்களையும் 3003003ஆல் பெருக்கினால்,

36036036² + 105105105² = 12345678987654321

37ஐத் தவிர அந்த வகைப் பகா எண் வேறு இல்லாததாலும், அதன் அடுக்கு 2 மட்டுமே என்பதாலும், சுழியில்லாமல் இதைப் பிரிக்க இது ஒன்றே வழி. இலக்கங்களை வெறுமனே உற்றுப் பார்த்து இந்தச் சமன்பாட்டைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. காரணிகளின் வழியாக வந்ததால் கிடைத்தது.

அக்கம்பக்கம்

அடுத்த இருவழி எண் எது? முதல் ஒன்பது இலக்கங்களில் ஒன்று கூட்டிக் கண்ணாடி போல மறுபாதியை எழுதுங்கள்: 12345679097654321. இடைவெளி 11 கோடி. முந்தையது 12345678887654321, இடைவெளி 10 கோடி.

நடுவில் 9 இல்லாமல் 8 இரட்டித்து வரும் 1234567887654321 இன்னும் பயனுள்ள ஒப்பீடு. இது எட்டு ஒன்றுகளையும் ஒன்பது ஒன்றுகளையும் பெருக்கிய விடை. பார்வைக்கு நம் எண்ணின் தம்பி. ஆனால் 16 இலக்கம் என்பதால் 11ஆல் வகுபடும். 11ஆல் வகுத்த பின் மறுபடி 11ஆல் வகுபடாது. 11 ஒருமுறை மட்டும் வருவதால் இது முழு வர்க்கம் அல்ல. தோற்றத்தில் இவ்வளவு நெருக்கம், வலப்பக்கப் பத்தியில் இவ்வளவு தூரம்.

மறுகோடியில் 1000000000000066600000000000001 இருக்கிறது. இருபுறமும் 13 சுழிகள், நடுவில் 666, மொத்தம் 31 இலக்கம். ஹார்வி டப்னர் கண்டெடுத்தது; கிளிஃபர்ட் பிக்கோவர் வைத்த பெயரால் பெல்ஃபெகோரின் பகா எண் எனப்படுகிறது. அதன் சமச்சீர் ஒரு காரணியைக்கூட நமக்குத் தராது, ஏனெனில் தர ஒன்றுமே இல்லை. இருவழியாய் இருப்பதால் மட்டும் ஓர் எண் உடைந்துவிடாது. நம் எண் உடைந்தது, அது ஒன்றுகளின் வர்க்கமாகப் பிறந்ததால்.

பயிற்சி

மகாவீரரின் 12345654321ஐ எடுத்துக்கொண்டு இதே வரிசையில் போங்கள். 11 இலக்கம். நீள் வர்க்கமூலம் ஆறே படிகளில் முடியும். வெட்டைப் போடும்போது மட்டும் கவனம் தேவை: இங்கே ஆறு இலக்கத்தில் வெட்ட வேண்டும், 12345 | 654321. கூடுதல் 999999 ஆக வராது, 666666 ஆக வரும். தயங்க வேண்டாம், 111111ஐப் பொதுவாக வெளியே எடுங்கள், உள்ளே 12345 × 9 + 6 எஞ்சும். அது எவ்வளவு என்று கணக்கிட்டதும் வர்க்கம் கண்முன் நிற்கும். பகாக் காரணிகள் 3, 7, 11, 13, 37, ஒவ்வொன்றும் இருமுறை. ஆகவே காரணிகள் 243. அவற்றை நாள்தோறும் கொஞ்சமாக எழுதி, இருவழி எண்களை வட்டமிட்டுக்கொண்டு வாருங்கள். இந்த முறை 13, 37 இரண்டும் 4ஆல் மீதி 1 தருபவை. இரு வர்க்கங்களாகப் பிரிக்கும் வழி ஒன்றோடு நிற்காது. எத்தனை என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.